கடதாசித் துண்டு



நான் ஆகன் நகரில் தொழிற்சாலை வேலை. என்னோடு இரவு வேலை செய்யும் பெல்ஜியக்காரர் ஒருநாள் சொன்னார்: "என்ர பூட்டியும் உங்களைப்போல அகதியாய் ஓடினவதான்." ஏ.எல். வரை படித்த எனக்கு அது புதுக்கதை. தேடி வாசித்தேன்.

பெல்ஜியம் என்றைக்கும் நடுநிலை நாடு என்று 1839இல் லண்டனில் ஐந்து வல்லரசுகள் கையெழுத்து வைத்தன. பிரஷ்யாவும் அதில் ஒன்று. ஆனால் 1914 ஆகஸ்ட் 4ஆம் திகதி ஜேர்மன் படை, எங்கட ஆகன் எல்லையாலேயே உள்ளே போனது. அது சர்வதேசச் சட்டத்துக்கு மாறானது என்று சான்சலர் பெத்மன் ஹொல்வெக் அன்றே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மாலையில் பிரித்தானியத் தூதுவரிடம், ஒரு கடதாசித் துண்டுக்காகவா சண்டைக்கு வருகிறீர்கள் என்று கேட்டாராம். பிரித்தானியாவோ அந்தக் கடதாசியைக் காட்டியே போரில் இறங்கியது.

அதே மாதம் லூவன் பல்கலைக்கழக நூலகம் எரிக்கப்பட்டது. 1981இல் யாழ் நூலகத்தை இழந்த எமக்கு அந்த வலியை விளக்கத் தேவையில்லை. கிட்டத்தட்ட பத்து லட்சம் பேர் ஒல்லாந்துக்கு ஓடினார்கள். அதுவும் நடுநிலை நாடுதான். ஆனாலும் கதவைத் திறந்தது.

கடதாசியை நம்பி என்ன பிரயோசனம் எண்டு எங்கட ஆக்கள் கேட்பினம். 1951 ஜெனிவா அகதிகள் உடன்படிக்கையும் கடதாசிதான். அதைப் பிடித்துக்கொண்டுதானே நாங்கள் இங்கே நிற்கிறோம்!