மலைநாட்டு வேட்டை விடுதிகளும் விருந்தினரும்

மலையும் மலை சார்ந்த நிலமும் குறிஞ்சி எனத் தமிழ் இலக்கணம் வகுத்தது. அந்நிலத்துக்குரிய தொழில்களுள் வேட்டை ஒன்று, தெய்வம் முருகன், அவன் மணந்த வள்ளியோ வேடர் குலத்தில் வளர்ந்தவள். வேட்டையிற் கிடைத்த ஊனை வந்தவர்க்குப் பகுத்துக் கொடுத்து உண்ணும் குறிஞ்சி மாக்களின் இயல்பைச் சங்கச் செய்யுட்கள் பலபடப் பேசுகின்றன. ஆங்கு வேட்டுவனே விருந்தோம்புவான். அவன் மனையாளே சமைத்து அளிப்பாள். ஆதலின் வேட்டையும் விருந்தும் ஒரு குடியின் ஒரே அறமாய் அமைந்தன.

இலங்கையின் மத்திய மலைநாட்டிலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறொரு வகை வேட்டை விருந்து தோன்றி வளர்ந்தது. அதன் விருந்தினர் ஆங்கிலேயர், விருந்தளித்தோரும் ஆங்கிலேயரே. ஆயின், விருந்துக்கு வேண்டியவற்றை மலைமீது சுமந்து சென்ற தலையும், குசினியில் நெருப்பூதிய வாயும் பிறருடையவை. விருந்தினர் எழுதிய நூல்கள் இன்றும் வாசிக்கப்படுகின்றன. சுமந்தோர் எழுதிய நூல் ஒன்றேனும் இல்லை. மலைநாட்டு வேட்டை விடுதிகளின் வரலாற்றை ஆராய்வோர் முதற்கண் மனங்கொள்ளத்தக்க உண்மை இதுவாகும்.

கடல் மட்டத்துக்கு மேல் 6,000 அடிக்கு அதிகமான உயரத்திலுள்ள நுவரெலியாவை ஆங்கிலேயர் கண்டது 1819 ஆம் ஆண்டளவில். வைத்தியரும் விஞ்ஞானியுமாகிய ஜோன் டேவி என்பார் அந்நிலத்தைப் பற்றி எழுதினார். 1824 முதல் தேசாதிபதியாயிருந்த எட்வேட் பான்ஸ் அங்கே தமக்கென ஒரு மாளிகை எழுப்பினார். பிற்காலத்தில் அது கிராண்ட் ஹோட்டல் ஆயிற்று. காய்ச்சலால் மெலிந்த படைவீரர் உடல் தேறுதற்குரிய இடமாகவும் நுவரெலியா அமைக்கப்பட்டது. எனவே அம்மலைக்கு முதலில் வந்த விருந்தினர் நோயாளிகளே. அவரைத் தொடர்ந்தே வேட்டைக்காரர் வந்தனர்.

இவ்விரு வகையினரையும் தம்மிடத்தே ஒருங்கு காட்டியவர் சாமுவேல் பேக்கர். 1845 இல் வேட்டை விருப்பினால் இலங்கைக்கு வந்த அவர், தாழ்நிலக் காடுகளில் அலைந்து காய்ச்சலுற்று, நுவரெலியாவுக்குச் சென்று சில வாரங்களில் நலம் பெற்றார். அவ்வனுபவமே அவரை மீண்டும் அழைத்தது. 1848 இல் மனைவி மக்களுடனும் உடன்பிறந்தாருடனும், பண்ணைத் தொழிலாளருடனும் வந்து அங்கேயே குடியேறினார். கால்நடை, கலப்பை, விதை, வேட்டை நாய்கள் ஆகிய யாவும் கப்பலிலே வந்தன. இங்கிலாந்து நாட்டுப்புற வீடொன்றைப் பெயர்த்து மலையுச்சியில் நட்டது போன்ற முயற்சி அது. 1855 வரை ஆங்கு வாழ்ந்த அவர், இலங்கை வேட்டையைப் பற்றி எழுதிய இரு நூல்களும் மலைநாட்டு வேட்டைக்குப் பிற நாடுகளிற் பெரும் புகழ் தேடிக் கொடுத்தன.

அக்காலத்து மலைநாட்டு வேட்டையின் தலையாய பொருள் மரை. தமிழகத்தார் இதனைக் கடமான் என்பர். ஆங்கிலேயரோ தம் வழக்கப்படி 'எல்க்' என்றனர். ஐரோப்பாவின் எல்க் வேறு, மரை வேறு. ஆயினும் பிழையான அப்பெயரே ஆங்கில வழக்கில் நிலைத்தது. பேக்கர் மரையைத் துப்பாக்கியாற் கொல்வதை விரும்பவில்லை. புலர்காலையில், சில நாட்களில் புல்லின்மேல் உறைபனி படிந்திருக்கும் வேளையில், நாய்க்கூட்டத்தோடு புறப்படுவார். மோப்பம் பிடித்து ஓடும் நாய்கள் சில. பாய்ந்து பற்றும் நாய்கள் சில. துரத்தப்பட்ட மரை நெடுந்தூரம் ஓடி, இறுதியில் மலையாற்றின் நீருள் இறங்கி, பாறையைப் புறத்தே கொண்டு, நாய்களை எதிர்த்து நிற்கும். அதன் குளம்பு பட்டும் கொம்பு பட்டும் மாய்ந்த நாய்கள் பல. வேட்டைக்காரர் நீருள் இறங்கி, ஏறத்தாழ ஓரடி நீளமுள்ள கத்தியினாற் குத்தி அதனைக் கொல்வர். விலங்குக்கும் தப்பிச் செல்ல வழி இருத்தலே நேர்மையான வேட்டை என்பது பேக்கரின் கருத்து. அவர்தம் துணிவை மறுத்தற்கில்லை. ஆயினும் அந்நேர்மையின் எல்லையை வகுத்தவர் வேட்டைக்காரரே என்பதும், மரையின் பக்கம் நின்று பேசுதற்கு ஒருவரும் இருந்திலர் என்பதும் கருதத்தக்கன.

பேக்கர் வேட்டைக்குச் சென்ற இடங்களுள் ஓட்டன் சமவெளி சிறப்புடையது. சிங்கள மக்கள் 'மகா எலிய', அஃதாவது பெருவெளி, என வழங்கிய அந்நிலத்தை 1834 இல் இரு ஆங்கிலப் படையதிகாரிகள் கண்டனர். அன்றைய தேசாதிபதி வில்மட் ஓட்டனின் பெயரை அதற்குச் சூட்டினர். ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் புல்வெளியும் முகிற்காடும் விரவிக் கிடக்கும் அந்நிலம் மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளுக்கு நீர் தருவது. அங்குள்ள அருவியொன்று பேக்கரின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

மரைக்கு அடுத்தபடியாக வேட்டைக்காரரை ஈர்த்தது காட்டுக்கோழி. அதன் வருகைக்குக் காரணமாகிய பூ தமிழர் அறிந்த ஒன்றன் இனமாகும். நீலகிரியிற் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து மலைநிலத்துக்குத் தன் பெயரை ஈந்த குறிஞ்சிச் செடியின் இனத்தனவே, சிங்களத்தில் 'நெலு' எனப்படும் செடிகள். இவையும் பல்லாண்டுகளுக்கு ஒருமுறை காடு முழுவதும் ஒருங்கே பூத்து, விதை உதிர்த்து, மடிகின்றன. ஓட்டன் சமவெளியில் 2013 இல் அத்தகைய பூப்பு நிகழ்ந்தது. பூக்குங்கால் தேனீக்கள் மொய்க்கும். விதை உதிருங்கால் காட்டுக்கோழிகள் கூட்டங்கூட்டமாய் வந்து சேரும். அப்பருவத்தில் விடுதிகளிலும் பங்களாக்களிலும் கோழியிறைச்சிக்குக் குறைவிருந்திலது.

அவ்விதைகளை நாடி எலிகளும் பெருகின. நெலு மடிந்தபின் அவை கோப்பித் தோட்டங்களுட் புகுந்தன. குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ட் இது பற்றி ஒரு செய்தி தருகின்றார். தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர் அவ்வெலிகளை எண்ணெயிற் பொரித்தும் கறியாக்கியும் உண்டனர் என்றும், எலி மிகுந்த தோட்டங்களையே விரும்பினர் என்றும் அவர் எழுதினார். வியப்புக்குரிய சுவை விருப்பமாக அவர் அதனைக் காட்டினார். அரிசியும் கூலியும் போதாதார் ஊன் பெறுதற்குத் தேடிய வழி என்று கொள்வதே பொருந்தும். ஒரே பூவின் விதை, ஒரே மலையில், பங்களா மேசைக்குக் கோழியையும் லயத்து அடுப்புக்கு எலியையும் அனுப்பியது. அக்காலத்துச் சமூக நிலையை விளக்குதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

அத்தொழிலாளர் மலைநாட்டுக்கு வந்த வழியும் ஈண்டு நினைத்தற்குரியது. திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் முதலிய பகுதிகளினின்றும் புறப்பட்டு, மன்னாரிற் கரையேறி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியிற் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் இறந்தோர் பலர். வேட்டைக்காரர் இன்பங் கருதி நுழைந்த காடுகளை, அதே 1840 களில், அவர்கள் பிழைப்புக் கருதிக் கடந்தனர். காய்ச்சலுற்ற வேட்டைக்காரர்க்கு நுவரெலியா மருந்தாயிற்று. காய்ச்சலுற்ற தொழிலாளர்க்கு வழியோரமே முடிவிடமாயிற்று.

1869 இல் கோப்பியைப் பற்றிய நோய் அத்தொழிலை அழிக்க, 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிற் பயிரிட்ட தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. அட்டன், திக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலைப் பள்ளத்தாக்குகளில் காடு தேயிலையாக மாறியது. 1885 இல் புகையிரதம் நானுஓயாவை அடைந்தபின் விருந்தினர் வருகை பெருகியது. தோட்டத்துரையின் பங்களாவே பல காலம் வழிப்போக்கரின் விடுதியாயிருந்தது. அறிமுகக் கடிதம் ஒன்றிருப்பின் அறிமுகமில்லாதவரும் அங்கே குடும்பத்தாருள் ஒருவர்போல் உண்டு உறங்கலாம். சுவரில் மரைக் கொம்புகள், கணப்பில் விறகுத் தீ, மேசையில் வேட்டைக் கதைகள் என அமைந்த அவ்விருந்தோம்பலை விருந்தினர் வாயாரப் புகழ்ந்தனர். அதனைப் பொய்யெனல் ஆகாது. தனிமையில் வாழ்ந்த துரைமார்க்கு விருந்தினர் வருகை உண்மையாகவே பெருமகிழ்வு தந்தது. ஆயின், சமைத்த அப்புவின் பெயரோ, ஈர விறகு சுமந்தவனின் பெயரோ, நாய்களைப் பேணியவனின் பெயரோ அப்புகழுரைகளில் அரிதாகவே காணப்படும்.

1876 இல் நுவரெலியாவில் ஹில் கிளப் நிறுவப்பட்டது. மரைத் தலைகள் அணிசெய்யும் அக்கழகத்தின் கதவு 1960 களின் பிற்பகுதியிலேதான் இலங்கையர்க்கு உறுப்பினராகத் திறந்தது. அதுவரை அவர்கள் அங்கே பணியாளராகவே நுழைந்தனர். ஓட்டன் சமவெளியிலோ, தோமஸ் ஃபார் என்னும் தோட்டத்துரையின் பெயரால் 'ஃபார் இன்' என்ற வேட்டை விடுதி எழுந்தது. உயர் அதிகாரிகளும் துரைமாரும் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் அங்கே தங்கினர்.

வந்தோர் யாவரும் வேட்டையாடினர் என்பதற்கில்லை. 1882 இல் ஜேர்மானிய உயிரியல் அறிஞர் ஏர்ணஸ்ட் ஹெக்கல், பேராதனைப் பூங்காவின் தலைவர் ஹென்றி டிரைமனோடு ஓட்டன் சமவெளிக்கு வந்தார். அவர் தேடியவை செடிகொடிகளும் உயிர்களின் வடிவங்களும். கொல்லாமல் காண்பதற்கென வந்த விருந்தினரும் உண்டு என்பதற்கு அவரே சான்று.

வேட்டை மிகுந்தபோது அதனைக் கட்டுப்படுத்தும் எண்ணமும் எழுந்தது. வீணே விலங்குகளை அழிப்பதைத் தடுக்க 1872 இல் சட்டம் இயற்றப்பட்டது. 1873 இல் தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாது விடுமாறு அறிவுரை கூறினார். 1894 இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது; அதனை அமைத்தோர் பெரும்பாலும் வேட்டைக்காரரே. தாம் சுடுதற்கு விலங்கு எஞ்சவேண்டும் என்பது அவர்தம் தொடக்க நோக்கம். எனினும் அந்நோக்கம் நாளடைவில் விரிந்து, 1937 இல் விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் உருவாக வழிகோலியது.

அதே 1937 இல் அமெரிக்காவிலும் ஒரு சட்டம் பிறந்தது. ஆங்கு மானும் காட்டு வான்கோழியும் அளவிறந்த வேட்டையாற் பெரிதும் அருகியிருந்தன. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரியைக் கொண்டு அவ்விலங்குகளை மீட்க அச்சட்டம் வகைசெய்தது. அவையும் மீண்டும் பெருகின. ஆதலின் அந்நாட்டில் குடும்பத்தோடு தங்கி மானும் வான்கோழியும் வேட்டையாடும் விடுதிகள் இன்றும் நிலைத்துள்ளன. இலங்கையோ வேறு வழி சென்றது. ஓட்டன் சமவெளி 1969 இல் இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988 இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது; 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாய் உலக மரபுரிமையிலும் இடம்பெற்றது. ஃபார் இன் பூங்காவைக் காணவருவோர்க்குரிய நிலையமாயிற்று. கொல்லப்பட்ட மரையின் தலை தொங்கிய காலம் போய், உயிருள்ள மரை வந்து முற்றத்தில் நிற்கும் காலம் வந்தது. இக்காலத்து விருந்தினர் அன்பு மிகுதியால் அதற்கு உணவு ஊட்டி அதன் இயல்பைக் கெடுக்கின்றனர் என்பதே இன்றைய குறை.

விலங்கின் நிலை இவ்வாறு உயர, சுமந்தோர் நிலை யாதாயிற்று? 1948 இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. தலைமுறை பலவாக மலையிலே உழைத்தோர் அந்நியர் எனப்பட்டனர். குடியுரிமைச் சிக்கல் முற்றத் தீர 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்று பழைய பங்களாக்கள் பல விருந்தினர் விடுதிகளாக மாறியுள்ளன. அவற்றிலே பணிபுரிவோருள் அத்தொழிலாளரின் வழித்தோன்றல்களும் உளர்.

மலைநாட்டின் வரைபடத்தை நோக்குவார்க்கு ஓட்டன், பேக்கர், ஃபார் எனச் சில ஆண்டுகளோ சில காலமோ தங்கிச் சென்றவரின் பெயர்கள் தென்படும். பாதை வெட்டியோரின் பெயர் ஒன்றும் தென்படாது. அவர்தம் வரலாறு சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்த தோட்டத்துப் பாடல்களிலே ஓரளவு எஞ்சியுள்ளது. எஞ்சியவற்றையும் லயங்களில் வாழும் முதியோர் வாய்மொழியினின்று தொகுத்தல் மாணவர்க்கு உரிய பணியாகும்.

திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமும் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். வேட்டை விடுதிகளின் வரலாறு அவ்விரண்டையும் ஒருங்கு வைத்துப் படித்தற்குரியது. கொல்லாமையை அம்மலை ஒருவாறு கற்றுக்கொண்டது. விருந்தோம்பலின் பெருமையோ, அதனைத் தம் உடலுழைப்பால் நடத்தியவர்க்கு இன்னும் முழுமையாக அளிக்கப்படவில்லை.