போட்டோ எடுக்க ஏன் எல்லாரும் ஓடணும்?

மூன்று மாதம் முன்பு, ஊரிலிருந்து நாக்பூருக்கு வந்திருந்த அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுக்கப் போனோம். அம்மாவுக்கு இந்தி தெரியாது. டெக்னீஷியன் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். "கையை அசைக்கக் கூடாதாம்மா." அடுத்த நிமிடம் அவர் என்னை வெளியே அனுப்பிவிட்டு, தானும் தடுப்புச் சுவருக்குப் பின்னால் போய்விட்டார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா கேட்டார்: "போட்டோதானேடா எடுத்தான்? அதுக்கு ஏன் என்னை மட்டும் தனியா விட்டுட்டு எல்லாரும் ஓடினீங்க?"

பதில் தெரியவில்லை. நான் பி.காம். படித்த பாங்க் ஆசாமி. ஆனால் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. தேடிப் படித்தேன். அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு சோகக் கதையே இருக்கிறது.

1895 நவம்பர் 8. ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் நகரம். பேராசிரியர் ராண்ட்ஜென் கறுப்பு அட்டையால் மூடிய கண்ணாடிக் குழாயில் மின்சாரம் செலுத்தினார். தள்ளி இருந்த, ரசாயனம் பூசிய திரை ஒளிர்ந்தது. என்ன கதிர் என்று தெரியாததால் 'எக்ஸ்' என்று பெயர் வைத்தார். டிசம்பர் 22 அன்று மனைவியின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் தெரிந்தன.

தன் முதல் கட்டுரையிலேயே அவர் இன்னொன்றும் எழுதினார்: ஒன்றரை மில்லிமீட்டர் காரீயத் தகடு இந்தக் கதிரை ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும். (இது காரீயம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், அது வேறு.) ஆக, தடுக்கும் வழி ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது. தடுக்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை!

சரி, படம் எப்படி விழுகிறது? உடம்பைக் கடந்துபோகும் கதிர் படத்தைக் கறுப்பாக்குகிறது. உடம்பில் நின்றுபோகும் கதிரின் நிழல்தான் வெள்ளை. கதிரை அணு விழுங்கும் வாய்ப்பு, எடைக்கு எடை பார்த்தால், அணு எண்ணை மூன்று முறை பெருக்கிய அளவில் ஏறும். சதையில் அதிகம் இருக்கும் ஆக்சிஜனின் எண் 8. எலும்பில் இருக்கும் கால்சியத்தின் எண் 20. பெருக்கிப் பாருங்கள்: 512, 8000. ஏறக்குறைய 15 மடங்கு! அதனால்தான் எலும்பு வெள்ளை. காரீயத்தின் எண் 82. அதுதான் கவசம்.

கதிரை விழுங்கிய அணு ஓர் எலெக்ட்ரானை வெளியே வீசுகிறது. அது போகும் வழியில் செல்களைக் காயப்படுத்தலாம். பாங்க் பாஷையில் சொன்னால், கடந்துபோன கதிர் நம் கணக்கில் ஏறாது, நின்றதுதான் டெபாசிட். அந்த டெபாசிட் இல்லாவிட்டால் படமும் இல்லை. நன்மை, தீமை இரண்டும் ஒரே என்ட்ரியில்!

இது தெரியாமல் போனவர் கிளாரன்ஸ் டாலி. எடிசனின் உதவியாளர், கண்ணாடி ஊதுவதில் கைதேர்ந்தவர். 1896-லிருந்து எக்ஸ்ரே குழாய்களைச் சோதிக்கத் தன் கையையே கதிருக்கு முன் நீட்டிப் பார்ப்பார். தினம் தினம். தோல் வெந்தது, ஆறாத புண்ணானது, கடைசியில் புற்றுநோய். இரண்டு கைகளையும் எடுத்தும் பிழைக்கவில்லை. 1904-ல் இறந்தபோது வயது 39. எடிசன் அந்த ஆராய்ச்சியையே விட்டுவிட்டார்.

1901-லேயே பாஸ்டன் நகரப் பல் மருத்துவர் வில்லியம் ராலின்ஸ், இந்தக் கதிர் கினிப்பன்றிகளைக் கொன்றதைக் காட்டி, காரீயத்தால் மறையுங்கள் என்று எழுதினார். கேட்டவர்கள் குறைவு. 1928-ல் ஸ்டாக்ஹோமில்தான் பாதுகாப்புக்கென்று சர்வதேசக் குழு அமைந்தது. அதற்குள் எத்தனையோ டாக்டர்கள், டெக்னீஷியன்கள் போய்விட்டார்கள். அவர்களுக்காக 1936-ல் ஹாம்பர்க் ஆஸ்பத்திரி ஒன்றின் வளாகத்தில் நினைவுக்கல் வைத்தார்கள்.

அம்மாவின் கேள்விக்கு நேரடி பதில் காம்ப்டன் என்ற அமெரிக்கர் 1923-ல் சொன்னது. சில கதிர்கள் எலெக்ட்ரான் மேல் மோதி, கொஞ்சம் சக்தியை இழந்து திசை மாறிப் பறக்கும். அதாவது படம் எடுக்கும் அந்த நொடியில், நோயாளியின் உடம்பிலிருந்தே நாலாபக்கமும் கதிர் சிதறுகிறது. கூட நிற்பவர்மேல் விழுவது இதுதான்.

அம்மாவிடம் இத்தனையும் சொன்னேன். "உனக்கு எப்பவோ ஒரு தடவை, ரொம்பக் கொஞ்சம். படம் பார்த்தால்தானே கட்டுப் போட முடியும்? ஆனா அந்தப் பையன் நாள் முழுக்க, வருஷம் முழுக்க அங்கேதான் நிக்கறான். கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்துடும்மா."

அம்மா எலும்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்த டாலிக்கு ரெண்டு கையும் போச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கட்டுப் போட்ட தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டுப் பிரித்த பிறகு இன்னொரு எக்ஸ்ரே எடுக்கப் போனோம். அதே டெக்னீஷியன். அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீ வெளிய நில்லுடா. அந்தப் பையனையும் சீக்கிரம் சுவத்துக்குப் பின்னாடி போகச் சொல்லு. நான் அசையாம இருப்பேன்."

இந்தியில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.