உடைந்த அணையின் ஊர்

கோலா குபு பாருவுக்குக் கயாக் ஓட்டப் போகிறோம் என்று சொன்னதும் பாட்டி கேட்டது ஒன்றுதான். "ஆத்துல என்னடா வெளாட்டு?"

பாட்டி தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு ஆறு என்றால் குளிப்பது, துணி துவைப்பது, கருமாதி செய்வது. மழைக்காலத்தில் பிள்ளைகளைக் கொண்டுபோகிற இடமும் அதுதான். பண்டமாரானில் அடுக்குமாடியில் வளர்ந்த எங்களுக்கு அந்தப் பயம்கூட இல்லை. எங்களுக்குத் தெரிந்த ஆறு, பாலத்துக்கு அடியில் பழுப்பாகப் போகும் கிள்ளான் ஆறு. அதில் யாரும் இறங்குவதில்லை.

சனிக்கிழமை விடியற்காலையில் இரண்டு காரில் ஏழு பேர் கிளம்பினோம். ராவாங், பத்தாங்காலி, ராசா என்று தாண்டி ஊரை நெருங்கும்போது ஒரு பெயர்ப்பலகை வந்தது: அம்பாங் பெச்சா. காரை ஓட்டிக்கொண்டிருந்த நண்பன் கேட்டான், "பெச்சான்னா உடைஞ்சதுதானே? எது உடைஞ்சுச்சு?"

ஏழு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பிறகு நான் தேடிப் படித்ததுதான்.

அம்பாங் என்றால் அணை. கோலாலம்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் அம்பாங்குக்கும் ஈயச் சுரங்கக்காரர்கள் நீரைத் தடுத்துக் கட்டிய அணையிலிருந்தே அந்தப் பெயர் வந்தது. 1857இல் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் வழியே மேலே அனுப்பினார். சாலை கிடையாது. நீரோட்டத்துக்கு எதிராகக் கழி ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டு, கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடம்வரை போனார்கள். அதற்கு மேல் படகு போகாது. இறங்கிக் காட்டுக்குள் நடந்து அம்பாங்கில் ஈயம் தோண்டினார்கள். ஒரு மாதத்தில் காய்ச்சல் அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றுவிட்டது. மிஞ்சியது 18 பேர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கோலாலம்பூரின் வரலாறு இப்படி ஓர் ஆற்றுப் பயணத்திலிருந்தே தொடங்குகிறது. நாம் இன்று பணம் கட்டிப் போகும் சாகசம் அன்று கூலிக்குப் போன வேலை.

அம்பாங் பெச்சாவின் கதை அதற்கு 26 ஆண்டுகள் பிந்தியது. கோலா குபுவும் ஈயத்தால் வளர்ந்த ஊர். ஊருக்கு மேலே மண்ணாலும் மரத்தாலும் ஆன பழைய அணை ஒன்று இருந்தது. 1883 அக்டோபர் இறுதியில் மழை விடாமல் பெய்தது. 29ஆம் தேதி அணை உடைந்தது. வீடுகள் போயின, பலர் செத்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் உலு சிலாங்கூரின் பிரிட்டிஷ் அதிகாரி சிசில் ரேங்கிங். ஆவணங்களில் அவர் பெயர் பத்திரமாக இருக்கிறது. மற்றவர்கள் பெரும்பாலும் ஓர் எண்ணிக்கையாகத்தான் இருக்கிறார்கள்.

ஊரார் சொல்லும் கதை வேறு. அந்த அணையை ஒரு வெள்ளை முதலை காவல் காத்ததாம். ரேங்கிங் அதைச் சுட்டுவிட்டார். அதனால்தான் அணை உடைந்தது. கேட்டதும் சிரிப்பு வரலாம். எனக்கு இந்தக் கதை மூடநம்பிக்கையாக மட்டும் தெரியவில்லை. வெளியிலிருந்து துப்பாக்கியோடு வந்த ஒருவன், அந்த இடத்தின் கட்டுப்பாடு எதுவும் தெரியாமல் கைவைத்தான், பலனை ஊர் அனுபவித்தது என்பதைச் சாதாரண மக்கள் தங்களுக்குத் தெரிந்த மொழியில் சொல்லி வைத்திருக்கிறார்கள். அறிக்கை எழுத வாய்ப்பில்லாதவர்களின் அறிக்கை அது.

உடைந்த பிறகும் ஆறு அடங்கவில்லை. சுரங்க வேலையில் மலைச்சரிவுகளின் மண் கரைந்து ஆற்றில் இறங்கியது. ஆற்றின் அடித்தளம் மேடேறியது. வெள்ளம் திரும்பத் திரும்ப வந்தது, 1926இன் பெருவெள்ளம் உட்பட. பழைய கோலா குபு கொஞ்சம் கொஞ்சமாக வண்டலுக்குள் புதைந்தது. கடைசியில் அரசாங்கம் ஊரையே தூக்கி மேட்டு நிலத்தில் வைத்தது. 1930களில் எழுந்த அந்தப் புதிய ஊர்தான் கோலா குபு பாரு. பாரு என்றால் புதிது. நாங்கள் காலைப் பசியாறிய கடை இருந்த அழகான தெருவும், ஊருக்கு நடுவே இருக்கும் திடலும் ஒரு தோல்விக்குப் பிறகு போட்ட திட்டம்.

இப்போது அந்த ஊருக்கு மேலே வேறோர் அணை இருக்கிறது. பிரேசர் மலைக்குப் போகும் சாலையில் ஏறினால் இடதும் வலதுமாக வளைவுகளுக்கு நடுவே அகன்ற நீர்ப்பரப்பு தெரியும். 2000களின் தொடக்கத்தில் கட்டி முடித்த சிலாங்கூர் அணை அது. சுமார் 23 கோடி கன மீட்டர் நீரைத் தேக்கும். அதற்காகப் பெர்த்தாக், கெராச்சி என்ற இரண்டு தெமுவான் பூர்வகுடிக் கிராமங்கள் இடம் மாறின. சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்த்தன. அணை வந்தது. கிராமத்தாருக்குப் புதிய கல்வீடுகள் கொடுத்தார்கள்.

வீடு கொடுத்தார்கள் என்ற சொல்லைத் தோட்டத்துத் தமிழர்கள் நன்றாக அறிவார்கள். தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறும்போது லயத்திலிருந்து கிளம்பியவர்களுக்கும் சிலசமயம் வீடு கிடைத்தது. கோயிலும், வாய்க்காலும், மாடு கட்டிய இடமும் கிடைக்கவில்லை. பாட்டி எங்கள் அடுக்குமாடிக்கு வந்து முப்பது வருடமாகிறது. இன்னும் "நம்ம வீடு" என்று சொன்னால் அது லயத்தைத்தான் குறிக்கும். தெமுவான் மக்களின் கதையைப் படித்தபோது எனக்கு அது அந்நியமாகத் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

ஆற்றுக்கு வருகிறேன். அங்கே கயாக் ஓட்டுவது மழையை மட்டும் நம்பி நடப்பதில்லை. அணையிலிருந்து எவ்வளவு நீர் விடுகிறார்கள் என்பதையும் பொறுத்தது. வழிகாட்டியாக வந்த மலாய் இளைஞர் தலைக்கவசத்தை மாட்டிவிட்டு முதலில் சொன்னது: "கவிழ்ந்தால் எழுந்து நிற்காதீர்கள். மல்லாந்து படுத்து, காலை நீர் போகும் திசையில் நீட்டுங்கள்." நிற்க முயன்றால் பாதம் பாறை இடுக்கில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் முழங்கால் அளவு நீரே ஆளை அமுக்கிவிடும். இரண்டாவதாக கெப்பாலா ஆயர் பற்றிச் சொன்னார். மலையில் எங்கோ பெய்த மழை திடீரென்று சுவர்போல இறங்கி வருவது. இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். நீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் உடனே கரையேற வேண்டும்.

மூன்றாவது ஜெராமில் நான் கவிழ்ந்தேன். காதுக்குள் தண்ணீர், கண் முன்னால் வெள்ளை நுரை. நிற்கத்தான் தோன்றியது. கால் தானாக அடியைத் தேடியது. "படுடா, படு!" என்று பின்னால் வந்த நண்பன் கத்தியது கேட்டது. படுத்தேன். ஆறு என்னை ஒரு பாறைக்குப் பின்னால் அமைதியாக இருந்த நீரில் கொண்டுபோய் விட்டது. இரண்டு பேர் வந்து உயிர்க்காப்பு அங்கியின் தோள்பட்டையைப் பிடித்து இழுத்தார்கள். கரையில் உட்கார்ந்து சிரித்தோம். என் கை நடுங்கியது யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். தெரிந்திருக்கும்.

திரும்பும் வழியில் இதைத் தொலைதூரத்து ஆறு என்று சொல்லிக்கொண்டு வந்தோம். அது பொய் என்று வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் தெரிந்தது. அணையில் விடும் நீர் ஆற்றோடு இறங்கி, பத்தாங் பெர்ஜுந்தை என்று நம் பெரியவர்கள் இன்னமும் சொல்லும் பெஸ்தாரி ஜெயா பக்கம் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கும் மேல் சிலாங்கூர் ஆற்றைச் சார்ந்தது. 2020 செப்டம்பரில் ராவாங் பக்கம் ஒரு தொழிற்சாலைக் கழிவு கிளை ஆற்றில் கலந்து அந்த நிலையங்கள் மூடப்பட்டன. சுமார் 12 லட்சம் கணக்குகளுக்கு நீர் நின்றது. எங்கள் அடுக்குமாடியிலும் வாளியோடு வரிசையில் நின்றோம். அப்போது எந்த ஆறு என்று நான் கேட்கவில்லை. "தண்ணி எப்ப வரும்?" என்றுதான் கேட்டேன்.

நான் விழுந்து தத்தளித்த நீர், ஓரிரு நாளில் பாட்டியின் சமையலறைக் குழாய்க்கு வந்திருக்கலாம். நாம் குடிக்கும் தண்ணீருக்காக இரண்டு கிராமங்கள் எழுந்து போயிருக்கின்றன. அதற்காகக் கயாக் ஓட்டுவதை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடுத்த மாதமும் போகிறோம். ஆற்றில் இறங்கியதால்தான் இந்தக் கேள்வி எனக்குள் வந்தது. இறங்காமல் இருந்திருந்தால் அது பெயர்ப்பலகையாகவே தாண்டிப் போயிருக்கும்.

பாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலைக் கதையை மட்டும் இரண்டாவது தடவை சொல்லச் சொன்னார். கேட்டு முடித்துவிட்டு, "அது அந்த எடத்து சாமிடா. சுடலாமா?" என்றார்.