போட்டியின்றி முப்பத்தாறு: இந்திய அமைதி காக்கும் படையும் 1988ஆம் ஆண்டு வடகிழக்கு மாகாண சபைத் தேர்தலும்

முன்னுரை

அயல்நாட்டுப் படையால் மெய்யான மக்களாட்சியை நிறுவ இயலுமா என்னும் வினாவிற்கு ஜப்பான், மேற்கு ஜெர்மனி, ஈராக், ஆப்கானிஸ்தான் ஆகியவையே பெரும்பாலும் சான்றாகக் காட்டப்பெறுகின்றன. தமிழ் ஆய்வுலகிற்கு மிக நெருங்கிய சான்று பாக்கு நீரிணைக்கு அப்பால் உள்ளது. 1987 ஜூலை 29இல் கையெழுத்தான இந்திய இலங்கை ஒப்பந்தம், அவ்வாண்டு டிசம்பர் 31க்குள் மாகாண சபைத் தேர்தல் நடைபெறும் என்றது. வடகிழக்கில் அது நடந்தது 1988 நவம்பர் 19இல். இடைப்பட்ட காலத்தில், அமைதி காக்கச் சென்ற படை விடுதலைப் புலிகளுடன் போரில் இறங்கியிருந்தது. அத்தேர்தலின் தன்மையை இக்கட்டுரை ஆராய்கிறது.

படை வருமுன் இருந்த நிலை

யாழ்ப்பாணம் வாக்குரிமை அறியாத மண் அன்று. இலங்கையில் அனைவருக்கும் வாக்குரிமை 1931இலேயே வந்தது, இந்தியாவிற்கு முன்பே. அம்முதல் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் முழுத் தன்னாட்சி கோரிப் புறக்கணித்தது என்பதும் நினைவுகூரத் தக்கது. அம்மரபு படிப்படியாகக் குலைக்கப்பட்டது. 1983ஆம் ஆண்டின் ஆறாவது திருத்தத்தால் தமிழர் விடுதலைக் கூட்டணியினர் நாடாளுமன்ற இருக்கைகளை இழந்தனர். 1986இல் புலிகள் டெலோவை அழித்தனர். கொழும்பு ஒருபுறம், ஆயுதக் குழுக்கள் மறுபுறம். இந்தியப் படை சென்று இறங்கியது இந்த வெற்றிடத்தில்தான்.

இரண்டு தேர்தல்கள்

மாகாண சபையின் 71 இடங்களில் வடக்கிற்குரியவை 36. அவை அனைத்தும் போட்டியின்றி நிரப்பப்பட்டன: ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணிக்கு 24, ஈழத் தேசிய ஜனநாயக விடுதலை முன்னணிக்கு 12. வடக்கில் ஒருவரும் வாக்களிக்கவில்லை; வாக்களிக்க வாய்ப்பே எழவில்லை. புலிகள் தேர்தலை எதிர்த்தனர், கூட்டணி ஒதுங்கி நின்றது. ஆகவே போட்டியின்மைக்குப் படையை மட்டும் பொறுப்பாக்குவது பொருந்தாது. எனினும் அதை ஆணையாகக் கொண்டு ஓர் ஆட்சியை அமைக்கலாம் என்று கருதியது புதுடெல்லி. போட்டி நடந்த கிழக்கின் 35 இடங்களில் முன்னணி 17, முஸ்லிம் காங்கிரஸ் 17, ஐக்கிய தேசியக் கட்சி 1 எனப் பெற்றன. டிசம்பரில் வரதராஜப் பெருமாள் முதலமைச்சரானார்.

மூன்றே மாதங்களில், 1989 பிப்ரவரி 15இல், நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. அதே படை அப்போதும் அங்கிருந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் 11 இடங்களுள் 8 ஈரோஸ் ஆதரவுபெற்ற சுயேச்சைகளுக்குச் சென்றன. இதைப் புலிகளுக்கான வாக்கு என்று நேரடியாகப் படிப்போர் உளர். அவ்வளவு தூரம் செல்ல நான் ஆயத்தமில்லை. ஆனால் போட்டி கிடைத்ததும் படையின் நட்புக் கட்சியை மக்கள் புறந்தள்ளினர் என்பது தெளிவு. வாக்குச் சாவடியைப் படையால் காக்க முடிந்தது என்பதற்கும் இதுவே சான்று.

அதிகாரம் யாரிடம்?

ஜப்பானில் 1925இலேயே ஆண்களனைவருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டிருந்ததால் அமெரிக்க ஆக்கிரமிப்பின்கீழ் மக்களாட்சி வேர்கொண்டது என்பர். பழைய மரபு யாழ்ப்பாணத்திலும் இருந்தது. எனவே மரபு மட்டும் விளக்கமாகாது. டோக்கியோவில் இறுதி அதிகாரம் ஆக்கிரமித்த படையிடமே இருந்தது. வடகிழக்கிலோ சட்டமும் நிதியும் கொழும்பிடம், துப்பாக்கி இந்தியாவிடம், அமைச்சுப் பதவி மாகாண சபையிடம். கொழும்பு அதிகாரங்களைக் கைமாற்றாமல் காலம் கடத்தியது. 1989 ஜூனில் பிரேமதாச, படை வெளியேற வேண்டும் என்றார். மாகாண அரசைக் காக்கவென்று அமைக்கப்பட்ட தமிழ்த் தேசிய இராணுவத்தில் இளைஞர்கள் வலுக்கட்டாயமாகச் சேர்க்கப்பட்டனர். தன் வாக்காளர் வீட்டுப் பிள்ளையைப் பிடித்துச் செல்லும் அரசை மக்களாட்சி என்றழைக்க எக்கோட்பாடும் இடந்தராது.

1990 மார்ச் 24இல் கடைசிப் படைப்பிரிவு திருகோணமலையை நீங்கியது. சென்னை வந்திறங்கிய வீரர்களை வரவேற்க முதலமைச்சர் மு. கருணாநிதி செல்லவில்லை. ஜூன் 19இல் முன்னணியின் தலைவர் பத்மநாபா தோழர்கள் பலருடன் கோடம்பாக்கத்தில் கொல்லப்பட்டார். 1982இல் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் சுட்டுக்கொண்ட பாண்டி பஜாருக்கு அது வெகுதொலைவில் இல்லை. சென்னையில் இவ்வரலாற்றை ஆராய்வோர் ஆவணக் காப்பகத்திற்கு வெளியேயும் அதைக் கடந்தே நடக்கின்றனர்.

வடக்கு மக்கள் மாகாண சபைக்கு முதன்முறையாக வாக்களித்தது 2013 செப்டம்பர் 21இல். 1988இல் பதினெட்டு வயது நிரம்பிய ஒருவருக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது.