ஓரத்து வெளியும் உரைநூல் வாசிப்பும்

இலக்கண உரைநூலொன்றைத் திறக்கும் மாணவரின் கண்ணிற் சூத்திரத்தின் பொருளுக்கு முன்பே பக்கத்தின் அமைப்புப் படுகின்றது. சூத்திரம் எவ்வளவு உள்தள்ளி நிற்கவேண்டும், உரை எவ்விடத்தே தொடங்கவேண்டும் என்பன பற்றி அவரவர்க்கு வெவ்வேறு விருப்பங்கள் உண்டு. இரண்டெழுத்து அகலம் போதும் என்பார் சிலர்; நான்கெழுத்து வேண்டும் என்பார் வேறு சிலர். சுவைவேறுபாடாகத் தோன்றும் இவ்விடயத்தைத் தமிழ் வாசிப்பின் வரலாற்றோடு வைத்து நோக்குமிடத்து, அவ்வெளி எவ்வாசகருக்காக விடப்பட்டது என்னும் வினா எழுகின்றது.

ஏட்டுச் சுவடியில் இவ்வெளிக்கு இடமிருக்கவில்லை. ஓலை அகலத்திற் குறுகியது. எழுதுவோர் ஓரத்திலிருந்து ஓரம்வரை இடைவிடாது எழுதிச் சென்றனர். சொற்களுக்கிடையே இடைவெளியில்லை, மெய்யெழுத்துக்கள் பெரும்பாலும் புள்ளி பெறவில்லை, காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு காண்பதும் அரிது. செய்யுளும் உரையும் ஒரே ஒழுக்கில் ஓடின. இதனைக் குறைபாடென்று கூறிவிடுதல் எளிது. ஆயின் அவ்வேட்டை வாசித்தவர் சூத்திரத்தை முன்னரே மனனஞ் செய்தவர். ஆசிரியரிடம் நேரிற் பாடங் கேட்டவர். எது சூத்திரம், எது உரை என்பதை அவருடைய நினைவே பிரித்துக் காட்டிற்று.

1578 இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. எனினும் சுதேசிகளின் அச்சகங்கள் பெருகியது 1835 இல் அச்சுக் கட்டுப்பாடுகள் தளர்ந்த பின்னரேயாகும். அவ்வாறு எழுந்த பதிப்பாளருள் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) முதன்மையானவர். எளிய வசன நூல்களிற் சந்தி பிரித்தும், காற்புள்ளி, முற்றுப்புள்ளி முதலிய குறிகளை இட்டும் அச்சிட்ட அவர், நன்னூலுக்குக் காண்டிகையுரையும் செய்தார். கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை என நன்னூலே வகுத்த உரையுறுப்புக்கள் பாடங் கேட்போராற் செவிவழி பிரித்தறியப்பட்டு வந்தவை. அச்சுப் பக்கத்திலோ கண்ணே அவ்வேலையைச் செய்யவேண்டியதாயிற்று.

மலையகம் கண்ட வழி வேறு. 1869 இல் ஆபிரகாம் ஜோசப் வெளியிட்ட ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ கோப்பிப் பயிர்ச்செய்கை பற்றிய தொழில்நூல். ஆயினும் பாட்டாகவே அமைந்தது. (கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் இனங்காணப்பட்டதும் அதே ஆண்டிலேதான்!) எழுத்தறியாதாரும் கும்மியைக் கேட்டுக் கொள்ளலாம். பக்கத்தில் ஓரவெளி செய்யும் பணியை அங்கே அடியும் தாளமும் செய்தன.

இனி, அகலம் எவ்வளவு என்பது. ஆங்கிலத் தட்டச்சிற் பத்தித் தொடக்கத்துக்கு ஐந்து இடம் விடுதல் மரபு. தமிழுக்கு அக்கணக்கு அப்படியே பொருந்தாது. ணை, ஞௌ போன்ற எழுத்துக்கள் அகன்றவையாதலின், சிறு உள்தள்ளல் அவற்றிடையே கண்ணிற் படாமற் போய்விடும். அதேவேளை, உருபும் விகுதியும் ஒட்டி நீளும் சொற்களைக் கொண்ட மொழியிலே உரைக்கு ஒரு படி, காட்டுக்கு ஒரு படி, மேற்கோளுக்கு மற்றொரு படி என உள்ளே சென்றால், ஈற்றில் வரிக்கு இரண்டு மூன்று சொற்களே எஞ்சும். அவையும் நடுவே முறிந்து நிற்கும். ஆதலின் சூத்திரத்துக்கு மட்டும் நான்கெழுத்து உள்தள்ளலும், ஏனையவற்றுக்கு மேலுங் கீழும் வரியிடைவெளியும் போதும் என்பது என் துணிபு.

காகிதம் வீணாகும் என்னும் அச்சகத்தார் வாதத்தைப் புறக்கணித்தல் இயலாது. ஆயினும் கொட்டகலையை அடுத்த பத்தனையில், ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி பெறுவோரையும், அவர்களிடம் கற்கப்போகும் தோட்டப்புறப் பிள்ளைகளையும் நினைத்தல் வேண்டும். தம் குடும்பத்தில் முதன்முதலாக இலக்கண நூலைத் திறக்கும் பிள்ளைக்குச் சூத்திரத்தை மனனஞ் செய்விக்க லயத்திலே புலவர் எவருமிலர். எது நூலாசிரியர் கூற்று, எது உரைகாரர் கூற்று என்று பக்கம் காட்டாதபோது, அப்பிள்ளை நூலை மூடிவைத்துப் பரீட்சைக்கான வினாவிடைக் குறிப்பை நாடுகின்றது. பழைய உரைகளை மறுபதிப்புச் செய்வோர் பக்கத்தொகையைச் சுருக்குமுன், ஒரு பக்கத்தை இரு வகையாகக் கோத்து, உயர்தர வகுப்பு மாணவர் சிலரிடம் வாசிக்கக் கொடுத்துப் பார்க்கலாம்.