டாமினோ

டாமினோ: அங்கி, முகமூடி, ஆட்டக் காய், கணித வடிவம், அரசியற் கோட்பாடு, வாணிபப் பெயர் எனப் பல பொருள்களில் ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பதம். இப்பொருள்கள் ஒன்றோடொன்று தொடர்பற்றவை போல முதற்பார்வையில் தோன்றினும், டாமினோக் காயின் ஒரு பாதி முன்னுள்ள காயோடு ஒத்திருக்க, மறுபாதி புதியதோர் எண்ணுக்கு வழிவிடுவதைப் போல, ஒவ்வோர் அர்த்தமும் முந்தைய அர்த்தத்தின் ஒரு கூற்றைத் தாங்கிப் பிறந்திருப்பது அவற்றின் சரித்திரத்தை நோக்குவார்க்குப் புலனாகும்.

சொற்பிறப்பு

லத்தீன் மொழியில் டோமுஸ் என்பது வீடு. டோமினுஸ் என்பது வீட்டுக்குரிய தலைவன். வீட்டைக் குறித்து ரிக் வேதத்தில் வழங்கும் 'தம' என்னும் சொல் டோமுஸ் என்பதோடு ஒரே மூலத்தினின்று கிளைத்தது என்றும், நாம் நாள்தோறும் வழங்கும் 'தம்பதி' என்ற வடசொல்லின் முற்பகுதியில் அதுவே மறைந்து நிற்கிறது என்றும் ஒப்பியல் மொழிநூலார் கூறுவர். கிறிஸ்தவ சமயம் பரவிய காலத்தில், இல்லத் தலைவனைக் குறித்த டோமினுஸ் உலகனைத்துக்கும் தலைவனாகிய ஆண்டவரைக் குறிப்பதாயிற்று. ஸ்பானிய, போர்ச்சுகீசிய மொழிகளில் ஞாயிற்றுக்கிழமைக்கு டொமிங்கோ என்று பெயர் அமைந்ததும், 1216-இல் அங்கீகாரம் பெற்ற துறவியர் சபையை நிறுவிய தொமினிக்கு முனிவரைத் தமிழ்க் கத்தோலிக்கர் சாமிநாதர் என்று பெயரிட்டுப் போற்றுவதும் அதனாலேயே. 'ஆண்டவருக்கு' என்று பொருள்படும் நான்காம் வேற்றுமை உருவமே டோமினோ.

ஆடை

வழிபாட்டு வாசகங்களில் அடிக்கடி வரும் இவ்வுருவம், பிரான்சு தேசத்துக் குருமார் குளிர்காலத்தில் தலையையும் தோளையும் மூடிக்கொண்ட முக்காட்டு அங்கிக்குப் பெயராயிற்று. 18-ஆம் நூற்றாண்டிலோ, தம்மை இன்னாரென்று காட்டிக்கொள்ளாமல் செல்வர்கள் கூடிக் களித்த முகமூடி நடனங்களில் ஆடவரும் மகளிரும் அணிந்த நீண்ட அங்கியையும், கண்களைச் சுற்றி மறைக்கும் அரை முகமூடியையும் அது குறிக்கலாயிற்று. துறவியின் ஆடை கேளிக்கையின் ஆடையாகிய பின்னரும், மூடி மறைத்தல் என்னும் தன்மை அதைவிட்டு நீங்கவில்லை.

ஆட்டம்

சீன தேசத்தில் பல நூற்றாண்டுகளாக வழங்கிவரும் டாமினோ ஆட்டத்தில், இரண்டு பகடைகளை உருட்டினால் விழக்கூடிய 21 சேர்க்கைகளும், அவற்றுள் 11 மறுமுறையுமாக 32 காய்கள் உண்டு. பகடையில் வெற்று முகம் இல்லாமையால் அக்காய்களிலும் வெற்றுப் பாதி இல்லை. ஐரோப்பாவில் இவ்வாட்டம் 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் தோன்றி, பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் பரவியது. அங்கு வெறுமை முதல் ஆறுவரை ஏழு மதிப்புகளைக் கொண்ட 28 காய்கள் வழக்கமாயின. வெண்மையான எலும்பு முகமும் கருங்காலி முதுகும் கொண்டு செய்யப்பட்ட காய்கள், கறுப்பு முக்காட்டினடியே தோன்றும் முகத்தை நினைவூட்டியமையால் அப்பெயர் பெற்றன என்பது ஒரு சாரார் கருத்து. கைக்காய்களை முதலில் தீர்த்தவன் ஆட்டத்தின் தலைவன் ஆகிறான் என்பதனால் வந்தது என்பது வேறொரு சாரார் கருத்து. கியூபாவில் ஒன்பதுவரை புள்ளியிட்ட 55 காய்களைக் கொண்டும் ஆடுவர்.

இக்காய்களின் அமைப்பில் நுட்பமானதோர் ஒழுங்கு உண்டு. 28 காய்களில் ஒவ்வோர் எண்ணும் எட்டுப் பாதிகளில் வருகிறது. எட்டு இரட்டைப்படை எண்ணாதலின், ஒத்த எண்ணை ஒத்த எண்ணோடு சேர்த்து, காய்கள் அனைத்தையும் முறியாத ஒரு வட்டமாக வைத்து முடிக்கலாம். ஐந்துவரை மட்டும் எண்ணுள்ள 21 காய்களில் ஒவ்வோர் எண்ணும் ஏழு முறையே வருவதால், அவற்றை ஒரே வரிசையாகக்கூட அமைத்தல் இயலாது.

கணிதம்

இரண்டு சதுரங்களை ஒட்டிய வடிவமாகக் காயைக் கருதினால், 64 கட்டங்களைக் கொண்ட சதுரங்கப் பலகையை 32 காய்களால் 1,29,88,816 விதங்களில் மூடலாம் என்பது 1961-இல் கண்டறியப்பட்ட முறைகளால் கிடைக்கும் விடை. ஆயினும், எதிர்மூலைகள் இரண்டை வெட்டிவிட்ட பலகையை 31 காய்களால் ஒருகாலும் மூடமுடியாது. ஏனெனில் ஒவ்வொரு காயும் ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் மறைக்க, வெட்டுண்ட மூலைகளோ ஒரே நிறத்தன. டாமினோ என்ற பெயரை முன்மாதிரியாகக் கொண்டே, பல சதுரங்களை இணைத்த வடிவங்களுக்கு 1953-இல் சாலமன் கோலம்ப் பாலியோமினோ என்று பெயர் சூட்டினார்.

அரசியல்

நெட்டுக்குத்தாக நிறுத்திய காய்களில் முதலாவதைத் தள்ளினால் வரிசை முழுவதும் சாய்ந்துவிடும். 1954 ஏப்ரல் 7-ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர் பத்திரிகையாளரிடையே இக்காட்சியை உவமையாக்கி, இந்தோசீனம் பொதுவுடைமையாளர் வசமானால் அண்டை நாடுகளும் அவ்வாறே ஆகும் என்று எச்சரித்தார். வியத்நாம் யுத்தத்துக்கு நியாயம் கற்பித்த வாதங்களுள் இது தலையாயது. 1975-இல் தென்வியத்நாமும் கம்போடியாவும் லாவோசும் பொதுவுடைமை ஆட்சிக்குட்பட்டன. தாய்லாந்தும் மலேசியாவும் இந்தோனீசியாவும் உட்படவில்லை. தனக்கென ஒரு சித்தமில்லாத மரக்காய்க்குப் பொருந்தும் விதி, தத்தம் சரித்திரமும் விருப்பமும் உடைய ஜனங்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை என்பதை அந்நாடுகளின் பிற்கால வாழ்வு காட்டிற்று.

வாணிபப் பெயர்

1960-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டி நகரில், டோமினிக்ஸ் என்னும் சிறு பீட்சாக் கடையை டாம் மோனகனும் அவர் சகோதரரும் விலைக்கு வாங்கினர். 1965-இல் அது டாமினோஸ் என்று பெயர் மாறி, அப்போதிருந்த மூன்று கடைகளுக்கு அறிகுறியாக மூன்று புள்ளியிட்ட காயைச் சின்னமாக ஏற்றது. சாமிநாதரின் பெயரோடு போன கிளையும், ஆட்டக் காயின் பெயராகிப் போன கிளையும் இவ்வாறு ஒரே பலகையில் வந்து கூடின. வீட்டைக் குறித்த சொல்லில் பிறந்து, கோயிலும் நடனசாலையும் ஆட்ட மேசையும் அரச மன்றமும் கண்ட இப்பதம், வாசல்தோறும் உணவைச் சுமந்து வருவதோர் பெயராகி மீண்டும் வீட்டை அடைந்திருப்பது, 28 காய்களும் வட்டமாய்க் கூடி முடிவதை ஒத்திருக்கிறது.