சைவ்ஸ் தேடி அலையணுமா? பெரம்பலூர் வெங்காயத் தாளில் என்ன சத்து இருக்கு?

சமையல் வீடியோ பார்க்கிறவங்க அடிக்கடி கேட்கிற பெயர் 'சைவ்ஸ்'. ஆம்லெட் மேல, உருளைக்கிழங்கு மேல, சூப் மேல பச்சைப் பசேல்னு பொடியா நறுக்கித் தூவுவாங்க. 'வைட்டமின் நிறைய இருக்கு, எலும்புக்கு நல்லது, ரத்தத்துக்கு நல்லது' என்ற குறிப்பும் கூடவே வரும். நம்ம ஊர் காய்கறிக் கடையில கேட்டா கிடைக்காது. பெரிய நகரத்து சூப்பர் மார்க்கெட்டில் சின்னக் கட்டாக, பெரிய விலைக்குக் கிடைக்கும்.

உண்மையில் சைவ்ஸ் என்பது வெங்காயக் குடும்பத்துச் செடி. வெங்காயம், பூண்டு, சின்ன வெங்காயம் எல்லாமே 'அல்லியம்' என்ற ஒரே இனத்தைச் சேர்ந்தவை. சைவ்ஸில் கிழங்கு பெருக்காது. புல் மாதிரி மெல்லிசான, உள்ளே குழாய் போன்ற இலைதான் சாப்பாட்டுக்கு. குளிர்ப் பிரதேசங்களில் நன்றாக வளரும். இதன் நெருங்கிய சொந்தமான பூண்டு வாசனை கொண்ட இன்னொரு இலையை மணிப்பூரில் 'மரோய் நகுப்பி' என்ற பெயரில் தினசரி சமையலில் போடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் இதற்குப் பக்கத்தில் வரக்கூடியது வெங்காயத் தாள். அதுவும் சின்ன வெங்காயம் என்றாலே பெரம்பலூர் மாவட்டம்தான் நினைவுக்கு வரும். செட்டிகுளம், நாட்டார்மங்கலம், பாடாலூர், இரூர் பக்கம் போனால் மக்காச்சோளமும் பருத்தியும் எந்த அளவுக்குத் தெரியுமோ அதே அளவுக்கு வெங்காய வயலும் தெரியும். செட்டிகுளத்தில் வெங்காயத்துக்கென்றே வணிக வளாகம் இருக்கிறது.

100 கிராமில் என்ன இருக்கு?

அமெரிக்க வேளாண் துறையின் உணவுச் சத்து அட்டவணைப்படி 100 கிராம் பச்சை சைவ்ஸில் சுமார் 30 கலோரி, 3.3 கிராம் புரதம், 2.5 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. வைட்டமின் சி 58 மில்லிகிராம், ஃபோலேட் 105 மைக்ரோகிராம், கால்சியம் 92 மில்லிகிராம், இரும்பு 1.6 மில்லிகிராம். வைட்டமின் கே மட்டும் 213 மைக்ரோகிராம். 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான்.

அதே அட்டவணையில், தாளும் அடிக்குருத்தும் சேர்த்த பச்சை வெங்காயத்தைப் பாருங்க: 32 கலோரி, 1.8 கிராம் புரதம், 2.6 கிராம் நார்ச்சத்து, வைட்டமின் சி 19 மில்லிகிராம், ஃபோலேட் 64 மைக்ரோகிராம், கால்சியம் 72 மில்லிகிராம், இரும்பு 1.5 மில்லிகிராம், வைட்டமின் கே 207 மைக்ரோகிராம்.

வைட்டமின் சி-யிலும் ஃபோலேட்டிலும் சைவ்ஸ் முன்னாடி நிற்கிறது, அதை மறுக்க முடியாது. நார்ச்சத்து, இரும்பு, வைட்டமின் கே ஆகியவற்றில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஆனா இந்த '100 கிராம்' கணக்கில்தான் நாம ஏமாந்துபோறோம். சைவ்ஸை யாரும் 100 கிராம் சாப்பிடுவதில்லை. நறுக்கிய ஒரு மேசைக்கரண்டி சுமார் 3 கிராம். அதில் கிடைக்கும் வைட்டமின் சி 2 மில்லிகிராம்கூட கிடையாது. ஐ.சி.எம்.ஆர். 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம் தேவை. தூவுகிற இலையால் அழகும் வாசனையும் வரும், சத்துக் கணக்கில் பெருசா எதுவும் ஏறாது. வெங்காயத் தாளை நாம் பொரியலாக, முட்டையோடு, பருப்போடு சேர்த்து 50 கிராம், 75 கிராம் என்று சாப்பிடுகிறோம். தட்டில் விழுகிற அளவை வைத்துப் பார்த்தால் தாள்தான் ஜெயிக்கும்.

கிழங்கில் இருப்பது வேறு

இலையில் இருக்கிற சத்து கிழங்கிலும் அப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 100 கிராம் சின்ன வெங்காயத்தில் வைட்டமின் கே ஒரு மைக்ரோகிராம்கூட இல்லை. வைட்டமின் சி 8 மில்லிகிராம்தான். பதிலுக்கு 72 கலோரி, 17 கிராம் மாவுச்சத்து, 3.2 கிராம் நார்ச்சத்து, 334 மில்லிகிராம் பொட்டாசியம், 1.2 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. பெரிய வெங்காயத்தில் 40 கலோரி, 146 மில்லிகிராம் பொட்டாசியம், 0.2 மில்லிகிராம் இரும்பு. சின்ன வெங்காயத்தில் தண்ணீர் 80 சதவீதம், பெரிய வெங்காயத்தில் 89 சதவீதம். தண்ணீர் குறைவாக இருப்பதால் சத்து அடர்த்தியாகத் தெரிகிறது. சாம்பாரில் சின்ன வெங்காயத்துக்குத் தனி ருசி வருவதற்கும் இந்த அடர்த்தி ஒரு காரணம்.

உரிக்கும்போது கண் எரிவது கந்தகச் சேர்மத்தால். வெங்காயத்தை வெட்டும்போது செல் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த நொதியும் கந்தகப் பொருளும் கலந்து ஒரு வாயு உருவாகிறது. அது கண்ணீரோடு சேர்ந்து எரிச்சல் தரும். குவெர்செட்டின் என்ற ஆக்ஸிஜனேற்றத் தடுப்புப் பொருள் வெங்காயத்தின் வெளி அடுக்குகளில் அதிகம். அதனால் உரிக்கும்போது இரண்டு மூன்று அடுக்கைச் சேர்த்து எறிவது நஷ்டம்தான்.

யார் கவனமா இருக்கணும்?

இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி இதுதான். இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்கள், ரத்தக்கட்டி பிரச்னைக்காக வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இந்த மாத்திரைகள் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்துத்தான் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கின்றன. 50 கிராம் வெங்காயத் தாள் சுமார் 100 மைக்ரோகிராம் வைட்டமின் கே தரும். அமெரிக்க அளவுகோலில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் போதுமானது 90, ஆணுக்கு 120.

அதாவது, இதுவரை கீரை பக்கமே போகாத ஒருவர், 'உடம்புக்கு நல்லதாம்' என்று திடீரென தினமும் ஒரு கட்டு தாள் சாப்பிட ஆரம்பித்தால் மாத்திரையின் வேகம் குறையலாம். ரத்தம் உறையும் ஆபத்து கூடும். அப்படியே நிறுத்தினாலும் சிக்கல்: மாத்திரை அதிகமாக வேலை செய்து ரத்தக்கசிவு வரலாம். அதற்காகத் தாளையே தொடக்கூடாது என்றில்லை. வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடணும், மாற்றம் செய்வதற்கு முன் டாக்டரிடம் சொல்லி ஐ.என்.ஆர். பரிசோதனை பார்க்கணும். சாம்பாரில் போடும் வெங்காயத்தால் இந்தப் பிரச்னை வராது, ஏன்னா கிழங்கில் வைட்டமின் கே இல்லை.

வயிறு உப்புசம், அடிக்கடி வயிற்றுவலி இருப்பவர்களுக்கு வெங்காயத்தில் உள்ள ஃபிரக்டான் என்ற மாவுச்சத்து ஒத்துக்காமல் போகலாம். அவர்களில் பலருக்குத் தாளின் பச்சைப் பகுதி மட்டும் பிரச்னை தராது. வெள்ளைப் பகுதியில்தான் ஃபிரக்டான் அதிகம்.

வீட்டில் நாய், பூனை இருந்தால் வெங்காயம், தாள், பூண்டு, சைவ்ஸ் எதையும் போடாதீங்க. அவற்றின் சிவப்பணுக்களை இது உடைக்கும். வேகவைத்தாலும் விஷம் போகாது.

இன்னொன்று. பாம்பு கடித்தால் சின்ன வெங்காயத்தைத் தின்னக் கொடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வயல் வேலை நடக்கிற ஊர்களில் இது உயிர் விஷயம். வெங்காயம் பாம்பு விஷத்தை முறிக்காது. உரித்துக் கொடுக்கும் அந்த நேரத்தில் விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்குப் போயிடணும். 108-க்கு போன் பண்ணுங்க. சர்க்கரை நோய்க்கும் அப்படித்தான், வெங்காயத்தை நம்பி மாத்திரையை நிறுத்தாதீங்க.

வயலில் இருந்து தாள் பறிக்கலாமா?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் இருப்பவர்களுக்கு வருகிற நியாயமான கேள்வி. சின்ன வெங்காயத்தை விதைக் கிழங்காக நட்டால் 65, 70 நாளில் அறுவடைக்கு வரும். அந்த நேரத்தில் தாள் பழுத்துச் சாய்ந்துவிடும், சாப்பிட லாயக்கில்லை. சாப்பிடணும் என்றால் இளசாக இருக்கும்போதே பறிக்கணும். ஆனால் தாளைப் பறித்தால் கிழங்கு பெருக்காது. விவசாயிக்கு வருமானம் கிழங்கில் என்பதால் யாரும் அப்படிப் பறிக்க மாட்டார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் மருந்து. இலைப்பேனுக்கும், தாளை முறுக்கிப் போடும் திருகல் நோய்க்கும் அடிக்கிற மருந்து நேராக விழுவது இலையில்தான். கிழங்கு மண்ணுக்குள் தோலோடு இருக்கிறது, இலைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மருந்து அடித்த வயலில் தாள் பறித்துச் சமைக்காதீங்க. தாளுக்கென்று தனியாக, மருந்து அடிக்காமல் ஒரு பாத்தி விட்டால் போதும். சந்தேகம் இருந்தால் பெரம்பலூர் மாவட்டத்தில் வாலிகண்டபுரம், அரியலூர் மாவட்டத்தில் சோழமாதேவி வேளாண் அறிவியல் மையங்களில் கேட்கலாம்.

இன்னும் எளிய வழி வீட்டுத் தொட்டி. முளைவிட்ட சின்ன வெங்காயத்தைத் தூக்கிப் போடாமல் மண்ணில் ஊன்றி வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் தாள் வந்துவிடும். முளைத்த உருளைக்கிழங்கில் வருவது போன்ற நச்சு இதில் கிடையாது. விரல் நீளம் விட்டு மேலே நறுக்கினால் மறுபடியும் துளிர்க்கும். சைவ்ஸையும் இப்படித்தான் வெட்டி வெட்டி எடுக்கிறார்கள்.

விலை ஏறும்போது தாள் ஒரு மாற்று. 2019 டிசம்பரில் வெங்காய விலை எகிறியபோது பெரம்பலூர் மாவட்டத்தில் நடுவதற்கு வைத்திருந்த விதை வெங்காயமே திருடு போனது. அந்த மாதிரி நாட்களில் தொட்டியில் நாலு கிழங்கு ஊன்றியவர் வீட்டு ஆம்லெட்டுக்குக் கவலை இல்லை.

சமைக்கும்போது தாளை முதலிலேயே போட்டுக் கொதிக்க வைத்தால் வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும். இறக்குவதற்கு ஒரு நிமிடம் முன்னால் போடுங்க. வைட்டமின் கே-யும், தாளுக்குப் பச்சை நிறத்தோடு வருகிற பீட்டா கரோட்டினும் கொழுப்பில் கரைபவை, அதனால் ஒரு ஸ்பூன் எண்ணெய் அல்லது முட்டை கூட இருந்தால்தான் உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளும். இரும்புச்சத்துக்கு இதை மட்டும் நம்ப முடியாது. பெண்களுக்கு ஐ.சி.எம்.ஆர். சொல்வது நாளைக்கு 29 மில்லிகிராம். 50 கிராம் தாள் தருவது முக்கால் மில்லிகிராம். மேலே கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தால் அந்த முக்கால் மில்லிகிராமாவது வீணாகாமல் உடம்பில் சேர வாய்ப்பு கூடும்.